பன்னிரண்டாவது ஆள்

காரியம் முடிந்த மறுநாளே ஆண்டிச்சாமி கடலை பிடுங்க ஆள் சொல்ல வேண்டியதாயிற்று. பங்குனிக் கடைசியில் பெய்த கோடை மழையில் கொல்லை நன்றாக இளகிக் கிடந்தது. முற்றின காயை அதற்கு மேல் மண்ணில் விட்டால் அங்கேயே முளைவிட்டுவிடும். மகன் போன வீடு என்று கடலைக்குத் தெரியவா போகிறது? துக்கம் கேட்க வந்தவர்களே போகிற போக்கில் கொல்லையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பதம் தப்பிரப் போகுது ஆண்டிச்சாமி, நாங்க வந்து புடுங்கித் தாரோம்" என்று சொல்லிப் போனார்கள்.

கீரனூரிலிருந்து கிழக்கே உள்ளடங்கின ஊர் அது. தெருவில் பாதி வீடுகளில் ஒருவராவது கத்தாரிலோ குவைத்திலோ இருந்தார்கள். இல்லையென்றால் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். ஆண்டிச்சாமி வந்தவர்களில் ஒருவர். மகன் சிவபிரகாஷ் கைக்குழந்தையாக இருந்தபோது கத்தாருக்குக் கம்பி கட்டுகிற வேலைக்குப் போனவர், முதுகு வலி தாங்காமல் ஒரேயடியாகத் திரும்பியபோது அவன் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தான். இடையில் லீவில் வந்து போனதெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. வந்த பிறகு போர்வெல் போட்டு, கடலையும் கொஞ்சம் நெல்லும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லை ஓரத்துப் புங்க மரத்தடியில் செடிகளைக் குவித்துப் போட்டு ஏழெட்டுப் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் பேச்சும் சிரிப்பும் ரோடு வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் காய் கூடையில் விழுகிற சத்தம்தான். செவந்தியும் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்குடி வந்த? வீட்டுல கெட" என்று பக்கத்து வீட்டு ராஜலட்சுமி சொல்லிப் பார்த்தாள்.

"வீட்டுல கெடந்து என்ன செய்ய" என்று செவந்தி ஒரு செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மண்ணை உதறி, காய்களை ஒரே பிடியில் உருவி, செடியை அந்தப் பக்கம் எறிந்தாள். அவளுடைய கை மட்டும் எப்போதும் போலத்தான் வேலை செய்தது.

அப்போதுதான் ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். வரப்பில் செருப்பு புதைய நடந்து வந்து, "நான் மோகனப்ரியா. சிவாவோட காலேஜ்ல அவனுக்கு கைடு. அன்னிக்கே வந்தேன்மா, கூட்டத்துல உங்ககிட்டப் பேச முடியல" என்றார்.

"வீட்டுக்கு வாங்க டீச்சரம்மா, இங்க ஒரே மண்ணு."

"பரவால்லம்மா" என்று அவர் அங்கேயே, செவந்திக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சும்மா இருக்கத் தோன்றாமல் ஒரு செடியை எடுத்து ஒவ்வொரு காயாகக் கிள்ளத் தொடங்கினார். பெண்கள் அவருடைய விரல்களைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சிவபிரகாஷ் திருச்சியில் படித்தது ஊருக்குச் சரியாக விளங்காத ஒரு படிப்பு. சரித்திரம், இலக்கியம், சமூகவியல் எல்லாவற்றையும் கலந்து நடத்துகிற பி.ஏ. "அதப் படிச்சா என்னப்பா வேலை?" என்று கேட்டால், "தெரியல சித்தப்பா" என்று சிரிப்பான். தினமும் காலையில் கீரனூர் போய்த் திருச்சி பஸ்ஸைப் பிடிப்பான். கடைசி வருஷம் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து எழுதித் தர வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் ப்ராஜெக்ட்.

"ப்ராஜெக்ட் பத்தி உங்ககிட்டச் சொல்லியிருக்கானாம்மா?" என்று மோகனப்ரியா கேட்டார்.

"வெளிநாடு போயிட்டு வந்தவங்களத் தேடிப் போயிப் பேசுவான். நோட்டு, போனு, வண்டி. ஞாயித்துக்கெழமையானா வீட்டுல தங்க மாட்டான்." செவந்தி செடியை உதறினாள். "அன்னிக்கும் அதுக்குத்தான போனான்."

ஆவூர்ப் பக்கம் சவரியப்பன் என்பவரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிற வழியில், மாத்தூர் ரோட்டு வளைவில் ஒரு டிப்பர் லாரி. பையும் போனும் சக்கரத்தில் போய்விட்டன. அவனும்.

மோகனப்ரியா, "மொத்தம் பன்னெண்டு பேர்கிட்டப் பேசணும்னு வச்சிருந்தான். பதினோரு பேர் பேசினதையும் எழுதி எனக்கு அனுப்பிட்டான். கடைசி ஆள்தான் அந்த சவரியப்பன்" என்றார்.

ஆய்ந்த கொடியை அள்ளிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி நின்றார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், "நல்லா எழுதியிருந்தானாங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருந்தான் சார். திரும்பி வந்தவங்க எதைச் சொல்றாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. எதைச் சொல்லாம முழுங்குறாங்கன்னு இவன் கேட்டிருக்கான்."

"என்னையப் பத்தி ஏதும்..."

மோகனப்ரியா தயங்கினார். "உங்க பேர் அதுல இல்ல சார். நானே கேட்டேன், வீட்டுலயே ஒருத்தர் இருக்காரேடான்னு. அப்பாகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல மேடம்னு சொன்னான்."

ஆண்டிச்சாமி தலையை ஆட்டிக்கொண்டு கொடிக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனவர் திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

"அந்த ஒரு ஆளு பேசுனதும் இருந்துட்டா," செவந்தி மோகனப்ரியாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள், "அது முடிஞ்சுரும்ல? முடிஞ்சா எம் புள்ளைக்குப் பட்டம் குடுப்பாங்களா?"

"சில எடத்துல இறந்துபோன பசங்களுக்குக் குடுத்திருக்காங்க. இங்க எப்படின்னு தெரியலம்மா. கேட்டுப் பாக்கலாம்."

அந்தக் 'கேட்டுப் பாக்கலாம்' பொழுது சாய்வதற்குள் செவந்தியிடம் 'குடுப்பாங்க' என்று மாறிவிட்டது. கூடையைத் தலையில் ஏற்றிவிட வந்த ராஜலட்சுமியிடம், "எம் புள்ளைக்குப் பட்டம் குடுக்கப் போறாங்க. ஒரே ஒரு ஆளுதான் பாக்கி" என்றாள். அன்றைக்குத்தான் அவள் வீட்டில் உலை வைத்தாள். அதுவரை அக்கம்பக்கத்துச் சோறுதான். ரசமும் அவித்த கடலையும். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செவந்தி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. ஆண்டிச்சாமி பார்த்திருக்கிறார்.

"வந்துருச்சா?"

"இன்னும் தூரம் கெடக்கு."

வளைவு வந்தது. ஒரு பனை, இடிந்த மதகுக் கட்டை, தைல மரத் தோப்பு. ஆண்டிச்சாமி கண்டக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தாண்டிப் போய், மாத்தூர் கம்பெனிச் சுவர்கள் தெரிந்த பிறகு செவந்தி மறுபடியும் கேட்டாள்.

"நாம வேற வழியா வாரோம்" என்றார் அவர்.

சவரியப்பன் வீடு மாடி வைத்துக் கட்டியது. மாடிக்கு இன்னும் பூச்சு ஆகவில்லை. வாசலில் இரண்டு கறவை மாடுகள். சவரியப்பன் துபாயில் மீன் கம்பெனியின் குளிர் ரூமில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அந்தக் குளிரில் கெட்டுப்போன விரல்களால் இப்போது மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி யார் என்று சொன்னதும் விளக்குமாறு கையிலிருந்து நழுவியது.

"வாங்கண்ணே. நானே வந்திருக்கணும். கெளம்பிக் கெளம்பி நின்னுட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"நீங்க என்னண்ணே செஞ்சீங்க" என்றாள் செவந்தி.

"வெரசாக் கெளம்பிட்டாரு தாயி. நான்தான், வெயிலாக் கெடக்கு, ஒரு வாய் சாப்ட்டுப் போங்கன்னு கையப் புடிச்சு உக்கார வச்சேன். விட்டிருந்தா அந்த லாரி வாரதுக்கு முன்னாடி அவரு ஊரு சேந்திருப்பாரு." அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தொழுவத்துக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செவந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டானா?" என்று கேட்டாள். "பசியோட போகலல்ல?"

சவரியப்பனின் மனைவி உள்ளேயிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வகுறு நெறையச் சாப்ட்டாரு ஆத்தா."

"என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டு வச்சிருந்தேன்."

"கத்திரிக்கா திங்க மாட்டானே. சின்னப் புள்ளையிலேர்ந்து தொட மாட்டான். நாக்கு அரிக்குதும்பான்."

"தின்னாரே. நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரு."

பெற்று வளர்த்த வீட்டில் இருபது வருஷம் தொடாததை, முன்பின் தெரியாத வீட்டில் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான். அது சந்தோஷமா வருத்தமா என்று செவந்திக்குத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காபி வந்தது. ஆண்டிச்சாமி போனை எடுத்து, மோகனப்ரியா சொல்லிக் கொடுத்தபடி பேச்சைப் பதிகிற இடத்தைத் தொட்டு, முக்காலியில் வைத்தார். "தம்பிட்ட அன்னிக்குச் சொன்னத இதுல ஒருவாட்டி சொல்லிருங்க. அவன் எழுதுறதுல அது ஒண்ணுதான் கொறையாம்."

சவரியப்பன் போனுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர், ஊர், துபாய் போன வருஷம், கம்பெனி எல்லாம் சொன்னார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமினார். திரும்பவும் பெயரிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது.

"அன்னிக்குத் தானா வந்துச்சுண்ணே. இன்னிக்கு வரல."

"மெதுவாச் சொல்லுங்க."

"அதுக்கில்ல. தம்பி கேட்ட மாதிரி யாரும் என்னையக் கேட்டதில்ல. எம்புட்டுக் கொண்டாந்தன்னு கேப்பாங்க, ஏன் வந்துட்டன்னு கேப்பாங்க. அவரு, வந்தன்னிக்கு வீட்டுல எந்த எடத்துல உக்காந்தீங்கன்னு கேட்டாரு. அதுல ஒடஞ்சு போயி எல்லாத்தையும் கொட்டிப்புட்டேன். இந்தக் கருமத்தப் பாத்து எப்படிச் சொல்றது? அமத்திருங்க அத."

ஆண்டிச்சாமி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அணைத்த பிறகு சவரியப்பனுக்குப் பேச்சு வந்தது. வெளியே மாட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"எம் மக கல்யாணம். மண்டபத்துல எல்லாரும் மேடையேறி போட்டோ எடுத்துக்கிட்டாக. மாமன், அத்தை, சித்தப்பன், டியூசன் வாத்தியாரு கூட. நான் பந்தியில எலை போட்டுக்கிட்டு நின்னேன். எங்கப்பாவக் கூப்புடுங்கன்னு அவ கேக்கவே இல்ல. கோவமெல்லாம் இல்லண்ணே. மறந்துட்டா. ஆல்பம் வந்தப்பறம்தான் அவளுக்கே தெரிஞ்சுச்சு. அழுதா. அத தம்பிட்டச் சொன்னேன்."

கதவோரம் நின்ற அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை நாளும் அவர் அதை அவளிடம் சொன்னதில்லை போலிருந்தது.

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்றார் ஆண்டிச்சாமி.

சவரியப்பன் காபி டம்ளர்களை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

"என்ன சொன்னான்?"

"வேணாம்ண்ணே. சின்னப் புள்ள, ஏதோ மனசு விட்டுச் சொன்னாரு."

"சொல்லுங்கண்ணே" என்றாள் செவந்தி. "அவன் கடேசியாப் பேசுனது. எங்களுக்கு வேணும்."

சவரியப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேனாவ மூடி வச்சாரு. எங்கப்பா வந்து அஞ்சு வருசமாவப் போகுது, அவரு வீட்டுல இருந்தா நான் இன்னும் காலை நீட்டி உக்கார மாட்டேங்கன்னாரு. விருந்தாளி எப்பக் கெளம்புவாகன்னு பாப்போம்ல, அந்த மாதிரி உள்ளுக்குள்ள ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்குதுன்னாரு. நல்ல மனுசன், ஒரு வார்த்தை கடிஞ்சதில்ல, ஆனாலும் அது போவ மாட்டேங்குதுன்னாரு. அவர்ட்ட நேராக் கேக்கத் தெரியாமத்தான் ஊருல இருக்குறவுகள எல்லாம் கேட்டுத் திரியிறேன்னு சொல்லிச் சிரிச்சாரு."

ஆண்டிச்சாமி தண்ணீர் கேட்டார். சொம்பை அண்ணாந்து குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அந்த வளைவைப் பார்க்காமல் இருக்க முயலவில்லை. பனை வந்ததும், "இதான்" என்றார். செவந்தி எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது.

மறுநாள் மோகனப்ரியாவுக்குப் போன் போட்டு, சவரியப்பன் பேச்சைப் பதிய முடியவில்லை என்று சொன்னார்கள். "விட்டுடுங்க சார், பதினொண்ணு இருக்குறதை வச்சே கேட்டுப் பாக்குறேன்" என்றார் அவர். ஆண்டிச்சாமி, "பன்னெண்டாவது ஆளா நான் பேசுறேன் மேடம். அவன் என்னென்ன கேப்பானோ அத அனுப்புங்க" என்றார். போன் வைத்த பிறகு செவந்தியிடம், "நீ கேளு" என்றார்.

களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. காக்கை வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆகவே அங்கேயே நடந்தது. அவர் காலால் கடலையைக் கிளறிவிட்டபடி நடந்தார். அவள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து, மோகனப்ரியா அனுப்பியதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். இன்னொரு போன் பதிவாகிக்கொண்டிருந்தது.

"திரும்பி வந்த மொத நாளு என்ன செஞ்சீங்க?"

"எண்ணெ தேச்சுக் குளிச்சேன். கறிச்சோறு தின்னேன்."

"அது மறுநா. மொத நாளு பூராம் தூங்குனீங்க. தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவோரம் நின்னு பாத்தான். நான்தான் போடா, போயி அப்பாவ எழுப்புன்னேன். வேணாம்மான்னுட்டு வெளையாடப் போயிட்டான்."

ஆண்டிச்சாமி கிளறுவதை நிறுத்தினார். "அது எனக்குத் தெரியாது."

"ஒங்களுக்கு என்னதான் தெரியும்?" அவள் குரல் ஏறியது. "அடுத்த கேள்வி. ஊர்ல இல்லாதப்ப வீட்டுல நடந்ததுல எது ஒங்களுக்குத் தெரியாமப் போச்சு? சொல்லுங்க. மஞ்சக்காமாலை வந்து புதுக்கோட்டை ஆசுபத்திரியில அவனப் போட்டுக்கிட்டு ஒத்தையாக் கெடந்தேன். பதறுவீங்கன்னு சொல்லல. ஆறாவதுல ஒங்களப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து, அப்பாவுக்கு என்ன கலர் புடிக்கும்னான். நான் ஏதோ ஒண்ணச் சொன்னேன். எனக்கு மட்டும் தெரியுமா? காக்கா... காக்கா வருது பாருங்க!"

அவர் துண்டை வீசிக் காக்கையை விரட்டினார்.

"சரி, அப்பப் போனீங்க. வந்தீங்கள்ல? இத்தன வருசத்துல ஒருநா அவனத் தொட்டுப் பேசியிருக்கீங்களா? தோள்ல ஒரு கை போட்டிருக்கீங்களா?"

"இது அந்த டீச்சரு அனுப்புன கேள்வியா?"

"நான் கேக்குறேன்."

ஆண்டிச்சாமி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "போனப்ப இடுப்புல இருந்தான். வந்தப்ப மீசை மொளச்சிருந்துச்சு. தொடலாமா வேணாமான்னே தெரியல செவந்தி. ஒருநா பஸ் ஏத்திவிடப் போனப்போ கையத் தூக்குனேன். அவன் பைய எடுக்கத்தான் தூக்குறேன்னு நெனச்சு பையக் குடுத்தான். வாங்கிக்கிட்டேன்."

செவந்தி வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் போகவில்லை. களத்தின் அந்தக் கோடியில் கடலையைக் கிளறிக்கொண்டே இருந்தார். அழுகை, காக்கை, காலில் கடலை சலசலக்கிறது எல்லாம் போனில் ஏறியது. அப்படியேதான் அனுப்பினார்கள்.

சித்திரை முடிவதற்குள் மோகனப்ரியா அதை எழுதி முடித்துவிட்டார். அட்டை போட்டு வைத்திருப்பதாகவும், தேர்வுப் பிரிவு அதிகாரியைப் பார்க்க ஒருநாள் வரவேண்டும் என்றும் சொன்னார். ஆண்டிச்சாமி வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டினார். செவந்தி, மகன் கல்லூரியில் சேர்ந்தபோது உடுத்திப் போன அதே சேலையைத் தேடி உடுத்தினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது ராஜலட்சுமி வந்து, "போட்டோ புடிச்சுக்கிட்டு வாங்க" என்றாள்.

அதிகாரியின் பெயர் ரகுநாத். மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார், டீ சொன்னார், மகனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். பிறகு அட்டை போட்ட புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்தக் கடைசிப் பேட்டி எந்தத் தேதியில எடுத்தது மேடம்?"

மோகனப்ரியா பதில் சொல்வதற்குள் செவந்தி முந்திக்கொண்டாள். "அது நாங்க எடுத்ததுங்கய்யா. இவுக பேசுனாக, நான் கேட்டேன். அத வச்சு டீச்சரம்மா முடிச்சுக் குடுத்தாக. இப்ப கொறை ஒண்ணும் இல்ல."

ரகுநாத் புத்தகத்தை மூடினார். "அப்படின்னா அது உங்க மகன் செஞ்சது ஆகாதேம்மா."

"அப்ப அத மட்டும் கிழிச்சுப்புட்டுக் குடுங்க."

"கிழிச்சா இது பாதியில நிக்குது. பாதிக்கு மார்க் போட முடியாது. முழுசா இருந்தாலும் வைவான்னு ஒண்ணு இருக்கு. எழுதினவங்ககிட்ட வெளியிலேருந்து வர்றவங்க கேள்வி கேப்பாங்க. அதுக்கு எழுதினவங்கதான் பதில் சொல்லணும். பிரின்சிபால்கிட்டயும் பேசிட்டேன். இறந்தவங்களுக்குக் குடுக்க எங்க விதியில எடமே இல்ல."

ஆண்டிச்சாமி எழுந்து நின்றார். "நான் சொல்றேன் சார்."

"உக்காருங்கய்யா."

"இல்ல சார், வரச் சொல்லுங்க அவங்கள. என்னத்த வேணா கேக்கச் சொல்லுங்க. இங்கிலீசு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இதுல உள்ளது பூராம் நாங்க இருந்த இருப்புதான சார்? என் மகன் எங்கிட்டக் கேக்காமப் போனதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டேன். இவங்க கேக்குறதுக்கா சொல்ல மாட்டேன்?"

ரகுநாத் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என் கையில ஒண்ணும் இல்லய்யா" என்று மட்டும் சொன்னார். வந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் மோகனப்ரியா அழுதார். "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது."

"நீங்க கேட்டுப் பாக்கலாம்னுதான் சொன்னீங்க" என்றாள் செவந்தி. "நான்தான் குடுப்பாங்கன்னு வச்சுக்கிட்டேன். அப்படி வச்சுக்கலைன்னா இத்தன நாளு எந்திரிச்சு நடமாடியிருக்க மாட்டேன். இனிமே என்னத்தச் சொல்லிக்கிட்டு எந்திரிக்கிறது, அதான் தெரியல." புத்தகத்தை அவர் நீட்டியபோது செவந்தி வாங்கவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சரம்மா. எங்க வீட்டுல வச்சு யாரு படிக்கப் போறா?"

வீட்டில் அதன் பிறகு பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் பேசிக்கொள்ள அவர்களுக்கு இடையில் அவன் இருந்தான். இப்போது அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அவர் தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவார். அங்கே கடலைக்குப் பிறகு எதுவும் போடவில்லை. அவர் சும்மா வரப்பில் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்த்தது. வீட்டுக்குள் வந்தால், எங்கே உட்காருவது என்று தெரியாதவர் போலக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆனியில் ஒருநாள், "ரெங்கராஜ் பேசுனான்" என்றார். ரெங்கராஜ் கத்தாரில் அவருடன் ஒரே ரூமில் இருந்தவர், இன்னும் அங்கேயே இருக்கிறார். "கேம்ப் மெஸ்ஸுல காய்கறி நறுக்க, பாத்திரம் பாக்க ஆளு வேணுமாம். முதுகுக்கு வேலையில்ல. வரச் சொல்றான்."

செவந்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யாருக்குச் சம்பாரிக்க?"

"சம்பாரிக்கன்னு இல்ல. அங்க இருக்கத் தெரியும் எனக்கு. இங்க இருக்கத் தெரியல."

போகாதீங்க என்று சொல்லிவிட அவள் நினைத்தாள். சொன்னால் இருந்துவிடுவார் என்றும் தெரியும். ஆனால் இருந்து இரண்டு பேரும் என்ன செய்வது என்று நினைத்தபோது வாய் வரவில்லை. அரிசியை முறத்தில் தட்டி, "துணிமணி எல்லாம் பழசாக் கெடக்கு, ரெண்டு எடுத்துக்குங்க" என்றாள்.

ஆடி பிறக்குமுன் அவர் கத்தாருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே லீவு. முந்தியும் அவர் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார். சாப்ட்டியா, மழை உண்டா என்று செவந்தியிடம் இரண்டு வார்த்தை. அப்புறம் தம்பிட்டக் குடு. அவன் நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போனைத் தாயிடம் திருப்பி நீட்டிவிடுவான். அந்த நான்கு வார்த்தைக்குத்தான் போன்.

முதல் வெள்ளிக்கிழமை செவந்தி அடுப்படியில் இருந்தாள். போன் அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. மழை உண்டா?"

"நேத்து லேசாத் தூத்துச்சு."

"சரி. தம்பிட்டக்..."

பழகின நாக்கு சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் பாத்திரங்கள் மோதுகிற சத்தமும் யாரோ இந்தியில் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. செவந்தியின் கையும் பழகினதுதான். போன் காதை விட்டு இறங்கி, உள் ரூம் பக்கம் பாதி தூரம் நீண்டுவிட்டது. நீட்டிய கையோடு அவள் அப்படியே நின்றாள். ரூமில் மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

கையில் இருந்த போனிலிருந்து அவர் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்து அவள் அதைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"செவந்தி, இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள்.